குளிர்ல பாதி வழியில நிக்குது மோட்டர் சைக்கிள், ஏன்னு யாருக்காவது தெரியுமா?

வணக்கம் அண்ணன்மார்களே. நான் மலேசியா கேமரன் மலையில, ரிங்லெட் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்துல இருக்கேன். வேலை மேல இருக்கிற தானா ராத்தா டவுன்ல. காலையில அஞ்சரைக்கு மோட்டர எடுத்தாகணும்.

மோட்டர்: 100 சிசி கப்சாய் (சின்ன மோட்டர் சைக்கிள்), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுறது) வச்சது, 2008 மாடல். அப்பா ஓட்டினது, விக்க மனசு வரல.

டிசம்பர் ஆரம்பத்துல இருந்து இதே கதைதான். முதல் உதையிலயே ஸ்டார்ட் ஆகுது. பனிக்குள்ள கால் மணி நேரம் ஏறினதும் இழுவை குறையுது, திக்குது, அணைஞ்சிடுது. உதைச்சா ஒன்னும் நடக்காது. பத்து நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு உதைச்சா, ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடுது! மத்தியானம் வெயில்ல இந்தத் தொல்லையே இல்ல.

பிளக் ரெண்டு தடவ மாத்திட்டேன். ஏர் ஃபில்டர் புதுசு. கார்புரேட்டர ரெண்டு பட்டறையில கழட்டிக் கழுவியாச்சு, அதுலயே எண்பது வெள்ளி (ரிங்கிட்) போச்சு. தண்ணி கலந்திருக்குமோன்னு பெட்ரோல வடிச்சுப் பார்த்தேன், சுத்தமாதான் இருந்துச்சு. டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஓட்டிட்டேன். போமேன் (பட்டறை மெக்கானிக்), "கார்புரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் மோட்டர் வாங்கிக்கோ தம்பி"ங்கிறார். அதுக்கு யாரு காசு குடுக்கிறது?

நேத்து நின்னப்ப கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் கொதிக்குது, இது மட்டும் ஐஸ் தண்ணி டின் மாதிரி ஜில்லுனு, மேல பூரா நீர் முத்து. ஈரக் காத்துல, 15 டிகிரியிலகூட உள்ள ஐஸ் கட்டும்னு படிச்சேன். குளிர் நாட்டுல இதுக்குன்னே ஹீட்டர் வைப்பாங்களாம்.

மலையில கப்சாய் ஓட்டுறவங்க, இந்தக் கார்புரேட்டரைச் சூடா வச்சிருக்க என்ன செய்யுறீங்க?