ஆறு பேரை வைத்து ஷீட் வேலை செய்பவனுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

டிரஸ் செல்வம்:
பெருந்துறை, திருப்பூர் பக்கம் கம்பெனிகளுக்குக் கூரை மாற்றித் தருகிறேன். பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடும் வேலை. போன வாரம் ஒரு மில்லில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டபிள்யூசி பாலிசி, அதாவது வேலையில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ், அதன் நகல் இல்லாமல் ஆள் உள்ளே போகக் கூடாதாம். விசாரித்தால் ஆறு பேருக்கு வருஷம் இருபதாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். பதினாலு வருஷத்தில் என் ஆள் ஒருத்தனுக்கும் அடிபட்டதில்லை. அந்தக் காசுக்கு நல்ல பெல்ட்டும் கயிறும் வாங்கிவிடுவேன். கேட்டில் காட்டுவதற்கு ஒரு காகிதம், அவ்வளவுதானே? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். ஏஜென்ட்டுகள் மட்டும் தள்ளி நிற்கவும்.

காங்கேயத்தான்:
நான் ஏஜென்ட் இல்லை தம்பி, உன் தொழில்தான். எனக்கும் பதினோரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.

வெளிச்சத்துக்காக நடுவில் ஃபைபர் ஷீட் போட்டிருப்பார்களே, அதில் பஞ்சுத் தூசி படிந்துவிட்டால் பக்கத்து சிமெண்ட் ஷீட் மாதிரியே இருக்கும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியான பர்லின் மேல் போல்ட் வரிசையைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். என்னிடம் வேலை பார்த்த பையனுக்கும் தெரியும். ஒரு கால் தவறி விழுந்து இறந்துவிட்டான். வயது முப்பது.

ஊரில் உட்கார்ந்து பேசி அவன் குடும்பத்துக்கு மூன்றரை லட்சம் கொடுத்தேன். பத்திரத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. எட்டு மாதம் கழித்துத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வக்கீல் சொன்னபோதுதான் தெரிந்தது: இறப்பு இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் அளவுக்குத்தான் முன்பணமாகக் கழிப்பார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய பத்திரமும் செல்லாது.

டிரஸ் செல்வம்:
வருத்தமாக இருக்கிறது அண்ணே. எவ்வளவு வந்தது?

காங்கேயத்தான்:
2020-லிருந்து கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். இறப்புக்கு அதில் பாதி, 7,500. அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். முப்பது வயதுக்கு 207.98. போட்டுப் பார், 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாததால் 12 சதவீத வட்டி வேறு. ஒரு லாரியையும் மனைவியின் நகையையும் விற்றேன்.

கணக்குப்பிள்ளை:
பயமுறுத்தி விற்கும் கதை மாதிரியே போகிறது. பிரதமர் விபத்துக் காப்பீட்டில் வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் எடுத்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கட்டுமான நலவாரியத்திலும் உதவி உண்டு. ஆளை இரண்டிலும் சேர்த்துவிட்டால் போதாதா? குடித்துவிட்டு ஏறி விழுந்தவனுக்குமா நாம் பொறுப்பு?

காங்கேயத்தான்:
இரண்டிலும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், அது குடும்பத்துக்குப் போகும் பணம். ஆனால் உங்கள் கடனில் ஒரு ரூபாய் குறையாது.

குடி விஷயத்தை நானும் வக்கீலிடம் கேட்டேன். குடித்திருந்தான், பெல்ட் போடச் சொல்லியும் வேண்டுமென்றே போடவில்லை என்பதெல்லாம் உயிர் தப்பி, முழுவதும் முடங்காத காயத்துக்குத்தான் எடுபடும். ஆள் இறந்தாலோ, முழுவதுமாக முடங்கிப்போனாலோ அந்த வாதம் நிற்காது. 1923-ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே அப்படித்தான். இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, இந்த விஷயத்தில் விதி பழையதுதான்.

மில்காரர் கேட்டில் நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. ஒப்பந்தக்காரன் கொடுக்காவிட்டால் அவரிடம் கேட்கலாம்; அவர் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிப்பார்.

மேலே ஏறுகிறவன்:
முதலாளிகள் பேசி முடித்துவிட்டீர்களா? நான் பதினேழு வருஷமாக ஷீட் மேல் நடக்கிறவன். என் பழைய மேஸ்திரியிடம் பாலிசி இருந்தது. வேலை பார்த்தது ஒன்பது பேர், எழுதிக் கொடுத்தது நாலு பேர். சம்பளமும் பாதிதான் காட்டியிருந்தார். ஒருத்தனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கேட்ட முதல் கேள்வியே "இவர் அந்த நாலு பேரில் ஒருவரா?" என்பதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டுமாம், அதையும் செய்யவில்லை. அதனால் செல்வம் அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சரி. கேட்டில் காட்டுகிற காகிதம் எங்களைக் காப்பாற்றாது. கயிறு காப்பாற்றும்.

டிரஸ் செல்வம்:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன்!

காங்கேயத்தான்:
இல்லை, நீ சொன்னது வேறு. அவர் பொய்யாக எடுத்த பாலிசியைத் திட்டுகிறார், நீ பாலிசியே வேண்டாம் என்கிறாய். நம் ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறுகிறார்கள், அதனால் பெயர் எழுதாமல் எண்ணிக்கையும் கூலியும் மட்டும் காட்டி எடுக்கலாம். நிறைய ஆள் வரும் சீசனுக்கு எண்ணிக்கையை ஏற்றிவிட வேண்டும். உள் ஒப்பந்த ஆட்கள் உண்டா, எவ்வளவு உயரத்தில் வேலை என்பதையெல்லாம் மறைக்காமல் எழுத வேண்டும். பிரீமியம் கூடும்தான். கூடட்டும்.

கணக்குப்பிள்ளை:
வெல்டிங் பொறி விழுந்து கீழே இருக்கும் பஞ்சு பற்றிக்கொண்டால்? காற்றில் ஷீட் பறந்து யாருடைய கார் மேலாவது விழுந்தால்?

காங்கேயத்தான்:
அதற்கு டபிள்யூசி ஒன்றும் தராது. மூன்றாம் நபர் பொறுப்புக்குத் தனி பாலிசி. மில் வேலை எடுத்தால் நான் அதையும் எடுக்கிறேன், வீட்டு மொட்டைமாடி ஷெட்டுக்கு எடுப்பதில்லை. நாம் ஸ்க்ரூவைக் கோணலாக அடித்துக் கூரை ஒழுகினால் எந்தப் பாலிசியும் வராது, நாம்தான் திரும்ப ஏற வேண்டும்.

டிரஸ் செல்வம்:
சரி, ஒரு சந்தேகம். சனிக்கிழமை கையில் கூலி கொடுக்கிறேன், ரிஜிஸ்தர் ஒன்றும் கிடையாது. நாளைக்கு எதைக் காட்டுவது?

மேலே ஏறுகிறவன்:
ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள் அண்ணே. தேதி, பெயர், கூலி, கையெழுத்து. முடிந்தால் ஜீபேயில் அனுப்புங்கள், அது உங்களுக்கும் ஆதாரம், எங்களுக்கும் ஆதாரம். இன்னும் இருபதாயிரமா கயிறா என்றுதான் யோசிக்கிறீர்களா?

டிரஸ் செல்வம்:
நாளை ஊத்துக்குளியில் வேலை. ஏழு ஃபைபர் ஷீட் இருக்கிறது, இப்போதுதான் போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினேன். காலையில் முதலில் பலகையும் கயிறும். பாலிசிக்காரனிடம் மதியம் பேசுகிறேன், ஆறு பேர் இல்லை, எட்டுப் பேர் என்று.