மறு: ‘சப்ஸ்டான்டிவ் ஈக்குவாலிட்டி’க்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துவது ‘ஃபார்மல் ஈக்குவாலிட்டி’, அவரவர் நிலையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு நடத்துவது ‘சப்ஸ்டான்டிவ் ஈக்குவாலிட்டி’. இவற்றுக்குக் குழுமத்தில் முறையே ‘முறைசார் சமத்துவம்’, ‘பொருண்மைச் சமத்துவம்’ என்று முன்வைக்கப்பட்ட இணையை என்னால் முழுமனத்துடன் ஏற்க முடியவில்லை. கல்வித் துறையில் ‘முறைசார் கல்வி’, ‘முறைசாராக் கல்வி’ என்னும் சொற்கள் வேரூன்றிவிட்டன. எனவே கல்வியைப் பற்றிய கட்டுரையிலேயே ‘முறைசார் சமத்துவம்’ என்றால் படிப்பவர் அதைப் பள்ளியோடு சேர்த்துப் புரிந்துகொள்வார். ‘பொருண்மை’யோ மொழியியலாரின் சொல்லாகிவிட்டது, அது செல்வநிலையைக் குறிப்பதாக மயங்கவும் இடமுண்டு. ‘மெய்ச் சமத்துவம்’ என்றால் மற்றது பொய் என்றாகிவிடும். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்பின் 14ஆம் பிரிவு பொய்யன்று. அது போதாது என்பதே வாதம்.

எனது முன்மொழிவு: ‘நிலைபாராச் சமத்துவம்’, ‘நிலையறி சமத்துவம்’. சாதி பாராமல், மதம் பாராமல் என்று நாம் சொல்லும்போது ‘பாராமை’ ஒரு சிறப்பாகவே ஒலிப்பதால், முதற்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. (முதலாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே வல்லினம் மிகும், இரண்டாவது வினைத்தொகை, மிகாது. ஒற்றுப்பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.)

இச்சொற்களை வழக்குகளில் பொருத்திப் பார்க்கலாம். மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்து ஒவ்வொரு வகுப்பினர்க்கும் பங்கு வைத்த சென்னை மாநில வகுப்புவாரி அரசாணையை, 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி, மதம் முதலியவற்றை மட்டும் காரணமாக்கி அரசு கல்வி நிலையங்களில் இடம் மறுக்கக் கூடாது என்னும் 29(2)ஆம் பிரிவுக்கு முரணானது என்று நீக்கியது நிலைபாராச் சமத்துவம். அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தத்தின் வழியாக, பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) சேர்க்கப்பட்டது நிலையறி சமத்துவத்திற்கு இடம் தந்தது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் சட்டத்தின் சொற்களே. ஆதலால் ஒன்றை மட்டும் ‘சட்டநிலைச் சமத்துவம்’ என்பது, மற்றது சட்டத்திற்கு வெளியே இருந்து வந்த சலுகை என்னும் தவறான எண்ணத்தைத் தரும். 1976இல் என். எம். தாமஸ் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அரசுப் பணியில் இடஒதுக்கீட்டை அனுமதிக்கும் 16(4)ஐ, அப்பணியில் அனைவர்க்கும் சமவாய்ப்பு என்னும் 16(1)இன் விதிவிலக்காகக் கொள்ளாமல் அதன் விரிவாகவே கண்டதும் இதனால்தான்.

இனி ‘நீட்’ தேர்வு. ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்பது வரை நிலைபாராச் சமத்துவம். பயிற்சி மையத்திற்குப் பணம் கட்டி ஓராண்டு வீட்டிலிருந்து படிக்க முடிந்தவரும், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு தேர்வு எழுதுபவரும் ஒரே தரவரிசையில் நிற்பதை அது கணக்கில் கொள்வதில்லை. அதைக் கணக்கில் கொண்டது 2020இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கென மருத்துவச் சேர்க்கையில் இயற்றிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு. அதிலும் தகுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும், அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் போட்டியும் உண்டு. எனவே இதை ‘விளைவுச் சமத்துவம்’ என்பது பொருந்தாது. அச்சொல்லை, முடிவில் அனைவரும் ஒரே நிலையை அடைவதைக் குறிக்கும் ‘ஈக்குவாலிட்டி ஆஃப் அவுட்கம்’ என்பதற்கென்றே ஒதுக்கிவைப்போம்.

‘நிலை’ என்பது ‘ஸ்டேட்டஸ்’ என்பதற்கும் வழங்குவதால் குழப்பம் நேருமோ என்ற ஐயம் மட்டும் எனக்கு உண்டு. ‘சூழலறி சமத்துவம்’ என்று மாற்றலாம். ஆனால் பிறப்பால் வரும் தடையைச் ‘சூழல்’ என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. சட்டம் பயின்ற நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.