கண்ணாடி போட்டவனுக்கு பறவை பாக்க பைனாகுலர், 15,000 ரூபாய்க்குள்ள எது வாங்கலாம்? இப்ப இருக்கிறதுல பாத்தா தலைவலி வருது

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு திருநெல்வேலி பக்கம். லீவு நாள்ல கூந்தன்குளம் போயி பறவை பாக்கறது கொஞ்ச காலமா பழக்கமாயிருக்கு, கூட எம்மவளும் வருவா, எட்டாப்பு படிக்கா. மாமா துபாய்ல இருந்து வரும்போது 20×50 பைனாகுலர் (20 மடங்கு பவர், முன் லென்ஸ் 50 மிமீ) ஒண்ணு கொண்டாந்து குடுத்தாங்க, அதுல பாத்தா கொஞ்ச நேரத்துலயே நெத்தி விண்ணுன்னு வலிக்க ஆரம்பிச்சிருது. படம் நிக்காம ஆடுது. நான் மைனஸ் 4 கண்ணாடி போடுறேன், அதோட பாத்தா நடுவுல சின்ன வட்டம் மட்டும்தான் தெரியுது சுத்தி ஒரே கருப்பு, கழட்டிட்டு பாத்தா பரவாயில்ல ஆனா கழட்டி மாட்டுறதுக்குள்ள பறவை போயிருது. மகளும் ரெண்டு ரெண்டா தெரியுதுப்பான்னு சொல்லுதா.

இத சரி பண்ண முடியுமா இல்ல புதுசு வாங்கணுமா? 12,000 முதல் 15,000 வரைக்கும் போட முடியும். கடையில கேட்டா 12×50 எடுங்க பவர் ஜாஸ்திங்கிறாங்க. ஆன்லைன்ல பாத்தா பாதிக்கு மேல "ஹன்டிங் பைனாகுலர்"னு மிலிட்டரி டிரஸ் மாதிரி பச்சை புள்ளி டிசைன் போட்டு வருது, 1000 மீட்டர் ரேஞ்ச்னு வேற எழுதியிருக்கு. பறவைக்கு அது ஒத்து வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உள்ளான் பிரியன்:
அண்ணே, வாங்கறதுக்கு முன்னாடி இருக்கிறத ஒரு தடவ செக் பண்ணிருங்க, ஏன்னா தலைவலிக்கு ரெண்டு காரணம் இருக்கும், ஒண்ணு நம்ம கையில இருக்கு இன்னொண்ணு இல்ல.

முதல்ல வலது கண் குழல்ல பிளஸ் மைனஸ் போட்ட ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதுதான் டயாப்டர். வலது பக்க முன் லென்ஸ கையால மூடிட்டு இடது கண்ணுல மட்டும், நடு சக்கரத்த திருகி தூரத்துல இருக்கிற போர்டு எழுத்த கூர்மையாக்குங்க. அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு அதே எழுத்த வலது கண்ணுல பாருங்க, இப்ப நடு சக்கரத்த தொடக்கூடாது, அந்த வளையத்த மட்டும் திருகணும். அவ்வளவுதான், அதுக்கப்புறம் நடு சக்கரம் மட்டும் போதும். மகளுக்கு தனியா வைக்கணும், அவ கண்ணு வேற. கண்ணுக்கு கண்ணு இடைவெளியும் பாருங்க, நிறைய மாடல் 56 மிமீக்கு கீழ மடங்காது, சின்ன பிள்ளைங்களுக்கு அதனாலயே ரெண்டு வட்டமா தெரியும்.

இது பண்ணியும் வலிச்சா அடுத்த டெஸ்ட். தூரத்துல படுக்கையா போற கரண்டு கம்பியையோ மொட்டமாடி விளிம்பையோ பாத்துக்கிட்டே பைனாகுலர மெதுவா கண்ணுல இருந்து நாலு விரக்கடை பின்னாடி தள்ளுங்க. ஒரு கம்பி மேலயும் கீழயுமா ரெண்டா பிரிஞ்சா உள்ள வெளிச்சத்த திருப்பி விடுற கண்ணாடிக் கட்டை, அதான் ப்ரிஸம், நகந்திருக்குன்னு அர்த்தம். பக்கவாட்டுல கொஞ்சம் விலகியிருந்தா கண்ணு சமாளிச்சிரும், மேல கீழ விலகினா சமாளிக்காது, அதான் நெத்தி வலி.

செம்போத்து:
வணக்கம் தம்பி. நானும் கண்ணாடிதான், சிலிண்டர் பவரும் (ஒரு திசையில மட்டும் மங்கலா தெரியறத சரி பண்றது) உண்டு, அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன், கடைக்காரங்க யாரும் இத சொல்ல மாட்டாங்க.

வெறும் மைனஸ் பவர்னா கண்ணாடிய கழட்டிட்டு பைனாகுலர் ஃபோகஸ்லயே சரி பண்ணிக்கலாம், சிலிண்டர் பவர் இருந்தா முடியாது. ஆனா கழட்டினா பறவை எங்க இருக்குன்னே தெரியாதே! அதனால கண்ணாடியோடவே பாக்குற மாதிரிதான் வாங்கணும். அதுக்கு பாக்க வேண்டியது ஐ ரிலீஃப். பைனாகுலர்ல நம்ம கண்ணு பக்கம் இருக்கிற லென்ஸ்ல இருந்து எவ்வளவு தள்ளி கண்ண வச்சா முழு வட்டமும் தெரியுதோ அந்த தூரம். நடுவுல கண்ணாடி வந்து உக்காருதில்ல, அதனால நமக்கு 16, 17 மிமீயாவது வேணும். உங்க 20×50ல இது ரொம்ப கம்மியா இருக்கும், சின்ன வட்டம் அதனாலதான். கண் குழல்ல இருக்கிற ரப்பர் கப்ப திருகியோ மடிச்சோ உள்ள இறக்கிட்டுதான் பாக்கணும், மேல தூக்கி வச்சிருந்தா எந்த பைனாகுலரா இருந்தாலும் கருப்பாதான் தெரியும், அதையும் ஒருக்கா பாத்துருங்க.

மாடலுக்கு வரேன். உங்க பட்ஜெட்ட ஒட்டி நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42, செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42 ரெண்டையும் பாருங்க, ஆஃபர பொறுத்து விலை ஏறி இறங்கும். நிக்கான்ல ஐ ரிலீஃப் 20 மிமீ, கையில எடுத்தா அரை கிலோவுக்கு கொஞ்சம் மேல, கழுத்து வலிக்காது. ஆனா 3 மீட்டருக்கு கிட்ட இருக்கிறது ஃபோகஸ் ஆகாது. செலஸ்ட்ரான் 2 மீட்டர் வரைக்கும் வரும், மகளுக்கு வண்ணத்துப்பூச்சி தட்டான் மேல ஆசை இருந்தா அது நல்லது. ரெண்டும் வாட்டர்ப்ரூஃப், உள்ள ஆவி படியாம இருக்க நைட்ரஜன் அடைச்சது.

இன்னும் கம்மி விலையில நிக்கான் ஆக்குலான் 8×42 இருக்கு, போரோ ப்ரிஸம் (குழல் நேரா இல்லாம ஒடிஞ்சு அகலமா இருக்கிற வகை), அந்த காசுக்கு படம் ரொம்ப நல்லாருக்கும்னு எல்லாரும் கைகாட்டுவாங்க, கண்ணாடி போடாதவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா அதுல ஐ ரிலீஃப் 12 மிமீதான், நமக்கு வேண்டாம்.

கோடியக்கரை காத்து:
8 வேண்டாம் 10×42 எடுங்க சார். எங்க பக்கம் உப்பளத்துல உள்ளான் எல்லாம் அவ்வளவு தள்ளி நிக்கும், எட்டுல பாத்தா கொசு உள்ளானா வேறயான்னு கால் நிறம் கூட பிடிபடாது.

உள்ளான் பிரியன்:
உப்பளத்துக்கு சரிண்ணே, ஒத்துக்கறேன், ஆனா அங்க பத்துமே பத்தாது, ஸ்பாட்டிங் ஸ்கோப்பு (ஒத்தக் குழல் தொலைநோக்கி) ஸ்டாண்டோட வேணும், வெயில் ஏறிட்டா கானல் அடிச்சு எதுலயும் தெரியாது. கேட்டவரு போறது கூந்தன்குளம். அங்க நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டுது, பட்டைத்தலை வாத்து வந்தா குளத்துல கூட்டமா உக்காந்திருக்கும். அகலமா தெரியறதுதான் முக்கியம். கை நடுக்கமும் அந்த பவரால பெருகும்ல, 20 மடங்குல பறவை பெருசாற மாதிரி ஆட்டமும் 20 மடங்கு, அதான் அவருக்கு படம் நிக்கல. சின்ன பிள்ள கையில 8 மேல போகவே கூடாது.

லென்ஸ் மெக்கானிக்:
ஹன்டிங்னு போட்டிருக்கிறத பத்தி யாரும் சொல்லல. நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் வேட்டைக்கு தடை, ஆனா அமெரிக்கா ஐரோப்பாவுல மான் வேட்டைக்கு போறவங்க பெரிய மார்க்கெட், அவங்களுக்கு செஞ்சதுதான் அப்படியே இங்க வருது. மான் மேய வர்றது விடியக்காலையும் சாயங்காலமும், அதனால அவங்களுக்கு வேண்டியது மங்கின வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியணும், மழை பனி தாங்கணும். நமக்கும் அதேதான் வேணும். ஆகவே நல்ல கம்பெனி ஹன்டிங் மாடல் பறவைக்கு தாராளமா ஆகும், பச்சை புள்ளிக்கு மட்டும் தனியா காசு குடுக்காதீங்க. உள்ள தூரம் அளக்குற கோடு போட்டது வேண்டாம், பறவை மேலயே கோடு நிக்கும். கண்ணுக்கு கண்ணு தனித்தனியா ஃபோகஸ் பண்ற 7×50 கப்பல் மாடலும் வேண்டாம், மீன்கொத்தி பறக்கும்போது ரெண்டு பக்கமும் திருகிக்கிட்டு இருக்க முடியாது.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. முன் லென்ஸ் அளவ பவரால வகுங்க. 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மிமீ, உங்க 50ஐ 20ஆல வகுத்தா 2.5 மிமீதான். கண்ணுக்கு வந்து சேர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு இது. உச்சி வெயில்ல நம்ம கண்ணு பாப்பாவே சுருங்கிதான் இருக்கும், அப்ப ரெண்டும் ஒண்ணுதான், விடியக்காலையில வித்தியாசம் நல்லாவே தெரியும்.

1000 மீட்டர் ரேஞ்ச்னு எழுதறது எல்லாம் சும்மா, பைனாகுலருக்கு ரேஞ்ச்னு ஒண்ணு கிடையாது, நிலாவையே பாக்கலாமே. "நைட் விஷன்"னு 2,000 ரூபாய்க்கு போட்டிருந்தா தொடாதீங்க, 10-30னு ஜூம் வர்றதும் அப்படித்தான், செவப்பா மின்னுற லென்ஸும் அப்படித்தான்.

கடையில ஒரு சின்ன சோதனை: பைனாகுலர கைநீட்டு தூரத்துல வெளிச்சத்த பாத்து பிடிச்சு கண் லென்ஸ்ல தெரியற வெள்ளை வட்டத்த பாருங்க. முழு வட்டமா இருந்தா நல்ல கண்ணாடி, பேக்-4 ப்ரிஸம்னு சொல்லுவாங்க. ஓரம் வெட்டின மாதிரி சதுரமா சாம்பல் அடிச்சு தெரிஞ்சா விலை கம்மி ப்ரிஸம். பெட்டியில "ஃபுல்லி மல்டி கோட்டட்"னு (எல்லா லென்ஸ் பரப்புலயும் பல அடுக்கு பூச்சு) முழுசா இருக்கணும், வெறும் "கோட்டட்" பத்தாது.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. டயாப்டர் வச்சு பாத்தேன், கூர்மை வந்திருச்சு, ஆனா எதிர்வீட்டு கேபிள் வயரு மேல ஒண்ணு கீழ ஒண்ணா நல்லாவே பிரியுது. ஸ்குரூவ கழட்டி நாமளே சரி பண்ணலாமா?

லென்ஸ் மெக்கானிக்:
வேண்டாங்க. ரப்பருக்கு கீழ குட்டி ஸ்குரூ இருக்கும், அத திருகி சரி பண்றதுக்கு கருவியில வச்சு பாக்கணும், கைக்கணக்குல திருகினா இன்னும் மோசமாகும். சர்வீஸுக்கு குடுத்தா கூலி அந்த பைனாகுலர் விலைக்கே வந்து நிக்கும். ஒரு பக்கத்த மூடிட்டு ஒத்தக் கண்ணுல பாருங்க, தலைவலி வராது, ஸ்டாண்டுல மாட்டி நிலா பாக்க மகளுக்கு குடுங்க.

பொருநைக்கரை:
அதுவும் நல்ல யோசனைதான், மாமா குடுத்தத தூக்கிப்போட மனசு வரல. அப்ப கண்ணாடியோட கடைக்குப் போயி நிக்கானையும் செலஸ்ட்ரானையும் மாத்தி மாத்தி பாக்கேன், மகளையும் கூட்டிட்டுப் போறேன், அவ கண்ணுக்கும் மடங்கணும்ல. பூச்சி விஷயம் சொன்னீங்கல்லா அக்கா, அவ தட்டானுக்குதான் உயிர விடுவா, அதனால செலஸ்ட்ரான் பக்கம்தான் சாயுது. கடைசியா ஒண்ணு, பழைய லென்ஸ்ல உள்ள வெள்ளையா நூல் நூலா படிஞ்சிருக்கு, புதுசுல அப்படி வராம இருக்க என்ன பண்ணணும்?

செம்போத்து:
அது பூஞ்சை தம்பி. பையோட பீரோவுல போட்டு மூடி வைக்காதீங்க, அந்த பையே ஈரத்த பிடிச்சு வைக்கும். இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, நீல மணி நிறம் மாறினா மாத்திருங்க. மழையில நனைஞ்சா ஃபேன் காத்துல நல்லா காய வச்சப்புறம்தான் டப்பாவுக்குள்ள போகணும். லென்ஸ்ல மண்ணு இருந்தா முதல்ல ஊதுபந்தால அடிச்சு விட்டுட்டுதான் துணிய வைக்கணும், சட்டை முனையால தொடைச்சா கோட்டிங் கீறிரும், மகள்கிட்டயும் முதல்லயே சொல்லி வைங்க.