முகூர்த்தம் குறிப்பதற்கு முன் பள்ளி நாட்காட்டியை ஊருக்கு அனுப்புங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு வந்திருப்பவர்கள் வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். பள்ளிக்கு லீவு போடுவதைப் பற்றி மட்டும் அபராதக் கடிதம் வந்த பிறகுதான் கேட்கிறீர்கள்.

கல்லூரியில் 75 சதவீத வருகை போதும் என்று பழகிய நமக்கு, 90 சதவீதம் பெருமையாகத்தான் தெரியும். இங்கே பத்து சதவீதம் தவறவிட்ட பிள்ளை, தொடர்ந்து வராதவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆண்டுக்கு 190 பள்ளி நாட்கள். அதில் 19 போனால் கதை முடிந்தது. மழை கொட்டினால் விடுமுறை அறிவிக்க இங்கே மாவட்ட ஆட்சியரும் இல்லை.

ஒரு நாளைக் காலை, பிற்பகல் என்று இரண்டு வேளையாகப் பதிவு செய்கிறார்கள். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத வேளைகள் பத்து சேர்ந்தால், அதாவது ஐந்தே நாட்களில், அபராதப் பேச்சு வந்துவிடும். 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதும் இதே விதி. 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதைத் தாண்டி 28 நாட்களுக்குள் என்றால் 160. தாய்க்குத் தனி, தந்தைக்குத் தனி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் குறைந்தது 320 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுக்குள் அதே பிள்ளைக்காக மறுபடியும் வந்தால் நேரடியாக 160. மூன்றாம் முறை அபராதச் சீட்டு கிடையாது. வழக்கு வரை போகலாம். விடுமுறைக்கால விமான டிக்கெட்டை விட அபராதமே மலிவு என்று கணக்குப் போடும் சாமர்த்தியசாலிகள் உண்டு. ஆங்கிலத்தையே இப்போதுதான் காதில் வாங்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையின் பாடத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

தாமதத்தைச் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டை அதிகம் போனால் அரை மணி நேரம் திறந்து வைத்திருப்பார்கள். மூடிய பிறகு தக்க காரணமில்லாமல் வந்தால், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்த வேளை வராத கணக்குதான். டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது. இருட்டில் பிள்ளையை எழுப்பி, தோசை வார்த்து, கோட்டு மாட்டி அனுப்புவது லேசில்லை. பள்ளியில் இலவசக் காலை உணவு உண்டா என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில் 750 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில் விரிவாக்கிய காலை உணவுத் திட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பாடு முன்னதாகவே தொடங்குவதால் பிள்ளையும் நேரத்துக்கு உள்ளே போய்விடும்.

உண்மையான சிக்கல் ஊரிலிருந்து வரும் தொலைபேசிதான். கும்பகோணத்தில் அக்கா மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்துவிட்டு, "தாய்மாமன் நீ வராமல் எப்படி?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உறவினர் திருமணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டால் தலைமையாசிரியர் பெரும்பாலும் கொடுக்க மாட்டார். ஆகவே, பெரியப்பா பாம்புப் பஞ்சாங்கத்தைப் பிரிப்பதற்கு முன்பே பள்ளி விடுமுறைப் பட்டியல் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கும். முதல் பாதியை ஆடி விழுங்கிவிடும். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் நிற்கலாம், கல்யாணம் நடக்காது. ஆவணி பிறந்ததிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை உள்ள இரண்டு வாரம்தான் நமக்குப் பொன்னான காலம். "ஆவணி முதல் பதினைந்து தேதிக்குள் ஒரு முகூர்த்தம் பாருங்கள்" என்று உரிமையோடு கேளுங்கள். மே கடைசியில் ஒரு வார விடுமுறை வைகாசியில் விழும். ஈஸ்டர் விடுமுறை சித்திரையைத் தொட்டால் அதிர்ஷ்டம். கிறிஸ்துமஸ் விடுமுறை மார்கழியில் போய்விடுவதால் கல்யாணத்துக்கு உதவாது. தையில்தான் நடக்கும் என்றால் தாய்மாமன் மட்டும் சீரோடு போய்வரட்டும். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருக்கட்டும். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடும்.

தீபாவளி பள்ளி நாளில் வந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மதப் பண்டிகை நாளுக்கு அனுமதி உண்டு. உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையிலேயே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். வெறும் சளி என்றால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்றபிறகு 48 மணி நேரம் வீட்டில் வைத்திருங்கள்.

ஐந்து வயது நிறையாத பிள்ளை பள்ளியில் சேர்ந்திருந்தாலும் கட்டாயப் பள்ளி வயதுக்குள் வராது. ஐந்தாம் பிறந்தநாளுக்கு அடுத்த பருவத்திலிருந்துதான் இந்த அபராதமெல்லாம். வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை, காதுகுத்து பாக்கி இருந்தால் அதற்குள் முடித்துவிடுங்கள்.