கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு கல்

கொழும்பு–கண்டிப் பாதையில் மாவனெல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் ஏறத் தொடங்கியதும் எங்கள் அப்பாயி மடியிலிருக்கும் பையை இறுக்கிக்கொண்டு, "வந்திட்டோம்டா" என்பார். எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, கலஹாவுக்கு மேலே. இன்னும் கண்டிக்குப் போய் பஸ் மாறவேண்டும். ஆனாலும் பழைய பாதைக்காகக் குடைந்த அந்தப் பாறையைப் பார்த்துவிட்டால் அவருக்கு வீட்டு வாசல் வந்த மாதிரி.

சப்ரகமுவ முடிந்து மத்திய மாகாணம் தொடங்குவதும் இந்த ஏற்றத்தில்தான். பழைய கண்டி ராச்சியத்துக்கும் இதுதான் வாசல். பக்கத்து மலையின் பெயரே பலன, சிங்களத்தில் 'பார்க்கிற' என்று பொருள். மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி அடங்கும் என்றொரு கதை உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்டி 1815 இலேயே வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டது, பாதை வெட்டியது 1820களில். இப்போது வாகனங்கள் பாறைக்குப் பக்கத்தால் போகின்றன.

மேலே டோசன் கோபுரம். கலங்கரை விளக்கை மலையில் கொண்டுவந்து நட்டதுபோல் இருக்கும். "துரையை நிக்க வச்சே உள்ளுக்குப் பொதச்சிட்டாங்க" என்று அப்பாயி சொல்வார். சின்ன வயதில் அந்த இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

நாலைந்து வருடங்களுக்கு முன் ஒருநாள் ரேடியேட்டர் கொதித்து பஸ் சரியாக அங்கேயே நின்றது. கண்டக்டர் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நான் இறங்கி கோபுரத்தில் எழுத்துப் பொறித்த கல்லை முதன்முறையாக வாசித்தேன். எல்லாம் ஆங்கிலம். கப்டன் டோசன், இந்தப் பாதையைத் திட்டமிட்டு முடித்த பொறியியலாளர், 1829 மார்ச்சில் கொழும்பில் இறந்தார். மற்றவர்கள் விரும்பிக் கொடுத்த காசில் 1832 இல் கோபுரம் எழும்பியது.

கொழும்பில்! இத்தனை வருடப் பயம் வீணாய்ப் போயிற்று.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பாயி வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "சரி, அவரு பிளேன் போட்டாரு. கல்லு ஒடச்சது யாரு?" இராஜகாரியம் என்று கட்டாய வேலைக்கு இழுத்து வந்த கண்டிக் கிராமத்து ஆட்கள் என்றேன். "கூலி?" என்றார். இல்லை என்றேன். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்து, "நம்மள மாதிரிதான்னு சொல்லு" என்றார்.

*

இதைப் படித்த ஒருவர் எழுதியது: அண்ணா, எங்களுக்கு எல்லை என்றால் பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில் உள்ள 18 ஆம் இலக்கச் சுரங்கம். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. ரயில் உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்க 'ஹூ' என்று கத்துவோம். போன தடவை நுழையும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி, தண்ணீர் ஒழுகியது. வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். பக்கத்தில் இருந்த அக்கா போர்வையைக் கழற்றி மடித்து வைத்தார். பட்டிப்பொலைப் பக்கம் உச்சி மட்டப் பலகை இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். ரயில் நிற்காததால் ஓடும்போதே போட்டோ எடுத்தேன். பலகை வரவில்லை, என் கட்டைவிரல் வந்திருந்தது.

*

இன்னொருவர் எழுதியது: அந்த டோசன் துரை பாம்பு கடித்துச் செத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்பாயியிடம் இதையும் சொல்லிப் பாருங்கள் தம்பி, என்ன கேட்கிறார் என்று அறிய ஆசை.