காத்திருப்போர் பட்டியலில் 38 உறுதியாகி, 9 உறுதியாகாமல் போவது எப்படி?

நெடுவழியான் கேட்டது:

சென்னையிலிருந்து தில்லி செல்லும் ரயில் வண்டியொன்றில் என் பெற்றோருக்குப் படுக்கை வசதி வகுப்பில் முன்பதிவு செய்தபோது, காத்திருப்போர் பட்டியலில் ஜிஎன்டபிள்யூஎல் 38, 39 என்று வந்தது. புறப்படுவதற்கு முதல் நாளே இரண்டும் உறுதியாகிவிட்டன. அதே வண்டியில் நாக்பூரிலிருந்து போபால் வரை செல்ல வேண்டிய என் தம்பிக்குக் காத்திருப்போர் பட்டியலில் கிடைத்தது பிக்யூடபிள்யூஎல் 9. அது கடைசிவரை 7க்குக் கீழே இறங்கவில்லை. சார்ட் எனப்படும் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரானதும் சீட்டு தானாக ரத்தாகிப் பணம் திரும்பியது. வரிசையில் முன்னால் நின்றவருக்கு இல்லாத இடம் பின்னால் நின்றவர்களுக்கு எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிசல்காட்டான் எழுதியது:

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவசர ஒதுக்கீடு என்ற பெயரில் பரிந்துரைக் கடிதம் வைத்திருப்பவர்கள் இடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் காத்திருந்தே ஓய்ந்துபோகிறோம்.

பழைய_பேரேடு எழுதியது:

முன்பதிவு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அவசர ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் கொடுக்கப்படாமல் மிஞ்சும் இடங்கள் சார்ட் போடும்போது காத்திருப்போருக்கே விடப்படுகின்றன. கேட்டவரின் புதிருக்கு அது காரணமன்று.

அவர் பெற்றோரும் அவர் தம்பியும் ஒரே வரிசையில் நிற்கவே இல்லை என்பதுதான் விடை. ஜிஎன்டபிள்யூஎல் என்பது பொது ஒதுக்கீட்டின் வரிசை. பெரும்பாலும் வண்டி புறப்படும் ஊரிலிருந்து நெடுந்தொலைவு செல்பவர்களுக்கு உரியது. அதில் விற்கப்படும் இடங்கள் மிகுதி என்பதால் ரத்தாகும் சீட்டுகளும் மிகுதி. ஒவ்வொன்று ரத்தாகும்போதும் ஆர்ஏசியில், அதாவது உட்கார இடம் மட்டும் உறுதியான நிலையில், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவராகப் பகிர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு முழுப் படுக்கை கிடைக்க, அவர் விட்ட இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலின் முதல் ஆள் ஏறுகிறார். பிக்யூடபிள்யூஎல் என்பதோ, வழியில் உள்ள பல ஊர்களுக்கும் சேர்த்து வைக்கப்பட்ட சிறிய ஒதுக்கீட்டின் வரிசை. அந்தச் சிறு தொகுப்புக்குள் ஏழு பேர் ரத்து செய்தால்தான் ஏழாம் எண்ணுக்கு இடம் கிடைக்கும். தில்லி வரை எடுத்த சீட்டொன்று ரத்தானால் அதன் பயன் தில்லி வரிசைக்குத்தான் போகும்.

இந்தப் பாகுபாடு கணினியோடு வந்ததன்று. வண்டிக்கொன்றாகப் பேரேடு வைத்துக் கையால் பெயர் எழுதிய காலத்தில், இடையில் உள்ள நிலையத்துக்கு இத்தனை இடங்கள் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தால்தான் அங்குள்ளவர் சீட்டு கொடுக்க முடியும்; இல்லையேல் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். 1980களின் நடுவில் தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய கான்சர்ட் என்ற முன்பதிவு மென்பொருளின் வழியே 1999இல் ஒன்றாக இணைந்தன. எந்த ஊர்க் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு எடுக்கலாம் என்ற நிலை அப்போதுதான் முழுமையாக வந்தது. ஐஆர்சிடிசி வழியாக இணையத்தில் விற்கத் தொடங்கியது 2002இல். பேரேடு போய்விட்டது, ஒதுக்கீடு போகவில்லை.

நெடுவழியான் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எல்லா இடங்களும் ஒரே கணினியில் தெரியும்போது, ஒதுக்கீடுகளை நீக்கிவிட்டு முதலில் வருபவருக்கு முதலில் என்று கொடுத்துவிட்டால் என்ன?

பழைய_பேரேடு எழுதியது:

நாக்பூர்–போபால் போன்ற குறுந்தொலைவுப் பயணிகள் முதல் நாளிலேயே படுக்கைகளை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தில்லி வரை அதே படுக்கையை ஒருவருக்குக் கொடுக்க முடியாது. நடுவே ஒரு துண்டு விற்றுப்போன அந்தப் படுக்கை அதற்கு முன்னும் பின்னும் உள்ள தொலைவுக்குக் காலியாக ஓட நேரலாம். சென்னை–விஜயவாடா, விஜயவாடா–நாக்பூர், நாக்பூர்–தில்லி என்று ஒரே படுக்கையில் மூவரைக் கச்சிதமாகப் பொருத்துவது நடப்பதுதான். ஆனால் எல்லாப் படுக்கையிலும் அப்படிப் பொருந்திவராது. நெடுந்தொலைவு செல்பவருக்கு வேறு வழி குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஒதுக்கீட்டின் அளவுகள் இன்றைய தேவைக்கேற்ப இருக்கின்றனவா என்று கேட்டால், பல வண்டிகளில் இல்லை என்பதே என் கருத்து.

வழிப்போக்கி எழுதியது:

தம்பிக்குச் சொல்லுங்கள்: அடுத்த முறை நாக்பூரிலேயே புறப்படும் வண்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும், அதில் அவருக்கும் பொது ஒதுக்கீடு கிடைக்க வாய்ப்புண்டு. இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது என்பதால் அந்த நாளைக் குறித்துவைப்பது நல்லது. சார்ட் போட்ட பிறகு காலியாக இருக்கும் படுக்கைகளையும் பார்க்கலாம். நான் அவ்வாறு இருமுறை இடம் பிடித்திருக்கிறேன். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், பலர் இருந்து, ஒருவருக்கு மட்டும் உறுதியானாலோ ஆர்ஏசி கிடைத்தாலோ அந்தச் சீட்டு தானாக ரத்தாகாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பயணம் போகாவிட்டால் நாமே உரிய நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும்.