ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப்: தேய்வது எஞ்சினா, பேட்டரியா?

பழைய_பிஸ்டன்:
சிக்னலில் தானாக அணைந்து, கிளட்ச்சை மிதித்ததும் தானாக எழும் எஞ்சின் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் என்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். வண்டியை எடுத்ததும் அம்பு சுற்றிய ‘ஏ’ பட்டனை அமுக்கி அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். காரணம் பேரிங். எஞ்சின் ஓடும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. தன்னைத் தாங்கும் பேரிங் ஷெல்லைத் தொடுவதில்லை. நின்றதும் தன் எடையில் உட்கார்ந்துவிடும். மறுபடி சுழலும் முதல் சுற்றில் கிராங்க் நேராக ஷெல்லை உரசும். நாளுக்கு 25 சிக்னல், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 7,500 ஸ்டார்ட் கூடுதல். இதில் இப்போது தண்ணீர் மாதிரி 0டபிள்யூ-16 எண்ணெய் வேறு.

டிப்ஸ்டிக்:
பிஸ்டன் சார், காலையில் முதல் ஸ்டார்ட்டையும் சிக்னல் ஸ்டார்ட்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் அடியில் உள்ள சம்ப்புக்கு வடிந்திருக்கும், குளிர்ந்து தடித்திருக்கும், பெட்ரோலும் அதிகமாகத் தெளிக்கப்படும். தேய்மானம் அங்கேதான். 40 வினாடி நின்ற சூடான எஞ்சினில் பேரிங் இடுக்கிலும் கேம் மேலும் எண்ணெய் அப்படியே ஒட்டியிருக்கும். கூலன்ட் சூடேறாவிட்டால் இந்த வசதி வேலையே செய்யாது, அதைக் கவனித்தீர்களா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மலிவான ஆயில் ஃபில்டர் மாட்டினால் உங்கள் பயம் நியாயமாகிவிடும். ஃபில்டருக்குள் எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கிறது. அது இறுகிப் போனால் எண்ணெய் ஓடும் வழியான கேலரி காலியாகும், ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் விளக்கு அணையத் தாமதிக்கும். அப்படித் தெரிந்தால் முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

பழைய_பிஸ்டன்:
அப்படியானால் இந்த வண்டிகளில் பேரிங் ஷெல்லுக்கு மேல் பாலிமர் பூச்சு ஏன் கொடுக்கிறார்கள்? பிரச்சினை இருப்பதால்தானே! ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றாகி, பெல்ட் மூலம் ஸ்டார்ட் செய்யும் ஐ.எஸ்.ஜி. வண்டியில், பெல்ட் இழுக்கும் பாரம் முழுக்க முன் மெயின் பேரிங்கில் விழுகிறது. டர்போ கதை தனி. ஹைவேயில் விரட்டி வந்து டோலில் நிற்கிறீர்கள். எஞ்சின் அணைந்தால் டர்போ தண்டுக்கு எண்ணெய் ஓட்டமும் நிற்கும். தங்கிய எண்ணெய் கருகி அடை பிடிக்கும்.

டிப்ஸ்டிக்:
பூச்சு கொடுத்திருப்பதே அதற்குப் பதில். பிரச்சினை இருந்தது, டிசைனில் கவனித்துவிட்டார்கள். ஸ்டார்ட்டரும் அப்படித்தான்: பிரஷ், பினியன் எல்லாம் லட்சக்கணக்கான ஸ்டார்ட்டுக்குக் கணக்கிட்டவை. இந்த வசதி இல்லாத பழைய வண்டியில் சாவியைத் திருப்பித் திருப்பி இதையே செய்தால் ஸ்டார்ட்டர் சீக்கிரம் கையை விரிக்கும், அது உண்மை.

டர்போ விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. பல வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் டர்போவைக் குளிர்விக்க மின்சார பம்ப் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. டோலில் பட்டன் தேடவும் வேண்டாம். மேனுவல் வண்டி நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால்தான் அணையும். முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். (அதையே பழக்கமாக்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் போய்விடும்!) ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், அணையாது.

வோல்ட்மீட்டர்:
ரெண்டு பேரும் எஞ்சினையே சுற்றி வருகிறீர்கள். இந்த வண்டிகளில் முதலில் போவது பேட்டரி. அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. அல்லது அதைவிட உயர்ந்த ஏ.ஜி.எம். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், கடைக்காரர் சொன்னார் என்று சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டு, ‘பட்டனை அணைத்துத்தானே ஓட்டுகிறேன்’ என்பார்கள். பட்டன் எஞ்சின் அணைவதைத்தான் தடுக்கும். பேட்டரியை எப்போது, எவ்வளவு சார்ஜ் செய்வது என்று பார்த்து ஓடும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரை அது தொடாது.

பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் வைக்க, ஆல்டர்னேட்டர் பேட்டரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல், சுமார் 80 சதவீதத்தில் நிறுத்தும். பாதி நிறைந்தபடியே கிடந்தால் சாதாரண பேட்டரியின் தட்டில் சல்பேட் படியும், ஆயுள் குறையும். ஓடும் வண்டியில் 12.5 வோல்ட் காட்டுகிறது என்று நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதும் இதனால்தான். அது பழுது இல்லை. கால் எடுத்து வேகம் குறையும்போது 14.5 பக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஜம்ப் கேபிள் மாட்டும்போது நெகட்டிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாதீர்கள், எஞ்சினிலோ பாடி எர்த்திலோ மாட்டுங்கள். நெகட்டிவ் முனையில்தான் பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டாமல் போகும் மின்சாரம் கணக்கில் வராது. பிறகு வசதி ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பழைய_பிஸ்டன்:
பாருங்கள், நான் சொன்னது வேறு வழியில் வந்து சேர்கிறது. மிச்சமாகும் பெட்ரோல் காசு பேட்டரிக்கே போய்விடும்.

டிப்ஸ்டிக்:
கணக்கு போடுவோம் சார். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏ.சி. இல்லாமல் ஐடிலில் மணிக்கு சுமார் 0.7 லிட்டர் குடிக்கும். சிக்னலில் நாளுக்கு 12 நிமிஷம் அணைந்தால் 300 நாளில் 60 மணி நேரம், 42 லிட்டர். லிட்டர் ₹100 என்று வைத்தால் வருஷத்துக்கு ₹4,200. ஈ.எஃப்.பி. பேட்டரிக்கான கூடுதல் விலையை முதல் வருஷமே எடுத்துவிடலாம். ஏ.ஜி.எம். கேட்கும் ஐரோப்பிய வண்டிக்கு இந்தக் கணக்கு இறுகும், ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_பிஸ்டன்:
அந்த 12 நிமிஷம் டிசம்பரில் வரும். மே மாதச் சென்னையில் ஏ.சி. கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடும் வண்டி எத்தனை வினாடி அணைந்திருக்கும்? காற்று சூடானதும் சிக்னல் பச்சையாகும் முன்னே எஞ்சின் எழுந்துவிடும். பத்து வினாடி கூட நிற்காத நிறுத்தத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

வோல்ட்மீட்டர்:
அதில் பிஸ்டன் சார் பக்கம்தான் நான். நகர்ந்து நகர்ந்து நிற்கும் நெரிசலில் பட்டனை அணையுங்கள், 90 வினாடி சிக்னலில் விட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் பேட்டரி மாற்றும்போது மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் ஈ.எஃப்.பி. என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வந்தது ஏ.ஜி.எம். என்றால் ஈ.எஃப்.பி.க்கு இறங்காதீர்கள். ஸ்கேனரில் புதிய பேட்டரியைப் பதிவு செய்யச் சொல்லும் வண்டியாக இருந்தால், அதை முடிக்காமல் கடையை விட்டு நகர வேண்டாம்.